பச்சைக் குறியும் படிப்பும்

மேற்கு ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைநிலத்தில், சிற்றலை வானொலி வழியே பாடம் கேட்டு வளர்ந்தவர் மார்ட்டின் டூகியாமாஸ். அவர் உருவாக்கிய மூடுல் என்ற கற்றல் மேலாண்மை மென்பொருளின் முதல் பதிப்பு 2002 ஆகஸ்டில் வெளிவந்தது. பிறர் பார்க்க ஒன்றைச் செய்யும்போதுதான் நன்றாகக் கற்கிறோம் என்பது அதன் அடிப்படைக் கருத்து. உரிமக் கட்டணம் இல்லாத கட்டற்ற மென்பொருள் என்பதால் கல்லூரிகளுக்குள் எளிதாக நுழைந்தது. நுழைந்த இடத்தில் பெரும்பாலும் பி.டி.எஃப். கிடங்காகிப் போனது.

ஆசிரியர் குறிப்பை ஏற்றுகிறார், மாணவர் திறக்கிறார், ‘முடிந்தது’ என்று பச்சைக் குறி விழுகிறது. நான் நடத்திய இணையவழித் தாள் ஒன்றில் வருகைத் தடங்களைப் புரட்டினேன். 40 பக்கக் குறிப்பைத் திறந்த ஒரு மாணவி அடுத்த நிமிடமே தேர்வுப் பக்கத்துக்குப் போயிருந்தார். ஏமாற்று என்று முடிவுகட்டியிருப்பேன். கேட்டபோது, கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டு பேருந்தில் படித்ததாகச் சொன்னார். பாடத்தில் கேட்டதற்கெல்லாம் பதிலும் சொன்னார். படிக்காதவரையும் படித்தவரையும் அந்தத் தடம் ஒன்றுபோலவே காட்டுகிறது. சொடுக்கை எண்ணி ஈடுபாடு என்று பெயரிடுவதில் உள்ள கோளாறு இதுதான்.

இதற்காக மென்பொருளைக் குறைசொல்ல முடியாது. மூடுலில் ஒருவகை விவாதப் பகுதி உண்டு: தன் பதிலை எழுதிய பிறகே மாணவருக்குச் சக மாணவர்களின் பதில்கள் தெரியும். அதுவும் திருத்திக்கொள்ளத் தரும் நேரம், வழக்கமாக 30 நிமிடம், கழிந்த பிறகு. பார்த்து எழுதவும் முடியாது, ‘நானும் உடன்படுகிறேன்’ என்று நழுவவும் முடியாது. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் இங்கே யோசித்து எழுதுகிறார்கள். ஆனால் 60 பேர் எழுதினால் 60 பதிலையும் ஒருவர் படித்தாக வேண்டும். அந்த உழைப்பு எந்தப் பணிச்சுமைக் கணக்கிலும் ஏறுவதில்லை. அதனால்தான் கிடங்கு வசதியாக இருக்கிறது. விவாதத்துக்கு மதிப்பெண் மட்டும் வைத்து, பதில் சொல்ல ஆளில்லாமல் விட்டால், கடைசி நாள் இரவில் ஒரேமாதிரியான பத்திகள் வந்து குவிகின்றன.

ஐ.ஐ.டி.கள் உள்ளிட்ட நிறுவனங்கள் இணையவழியில் நடத்தும் என்பிடெல் சான்றிதழ் படிப்புகள், இணையத்தில் எழுதி அனுப்புவதை மட்டும் வைத்துக் கற்றலை அளக்க முடியாது என்ற பலவீனத்தை அறிந்தே அமைந்தவை. வாராந்திரப் பயிற்சிக்கு 25 விழுக்காடு. மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. வாரக் கெடு படிப்பைத் தள்ளிப்போடாமல் நகர்த்துகிறது. ஆனால் கற்றதற்குச் சான்றாக வாரப் பயிற்சியை முழுதாக நம்புவதில்லை. நியாயமான பங்கீடு. ஆனாலும் தேர்வு, படித்தாரா என்பதைச் சொல்லுமே தவிர, எந்த வாரத்தில் தடுமாறினார் என்பதை உரிய நேரத்தில் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க மாணவர் எழுதியதை வாரந்தோறும் யாராவது படிக்க வேண்டும்.

அடுத்த பருவத்தில் குறிப்புகளிலிருந்து பச்சைக் குறியை நீக்கிவிட்டேன். வாரம் ஒரே ஒரு கேள்வி. முறைவைத்து 10 பேருக்கு மட்டும் விரிவான மறுமொழி. தங்கள் முறை எந்த வாரம் என்று மாணவர்களுக்குத் தெரியாது.