அவசரமில்லாத தீவு

வென்றவன், தோற்றவன் என்ற விவகாரமே இல்லாத விளையாட்டில் என்ன சுவாரஸ்யம் இருக்க முடியும் என்று கேட்பவர்கள், 2020ஆம் ஆண்டில் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘அனிமல் கிராஸிங்: நியூ ஹொரைஸன்ஸ்’ என்னும் வீடியோ விளையாட்டைச் சாவகாசமாக ஆடிப் பார்க்க வேண்டும். சிபாவிலிருந்து உத்தியோக நிமித்தம் கியோட்டோவுக்கு வந்து, குடும்பத்தையும் சிநேகிதர்களையும் பிரிந்திருந்த கத்ஸுயா எகுச்சி என்பவரின் ஏக்கத்தில் கருக்கொண்டு, 2001இல் ஜப்பானில் முதன்முதலாக வெளிவந்த வரிசை இது. விளையாட்டு நடக்கும் தீவின் கடிகாரம் நம் கடிகாரமேதான். நமக்கு நள்ளிரவென்றால் அங்கும் நள்ளிரவு, கடை சாத்தியிருக்கும்.

மீன் பிடிக்கும் வித்தையைப் பாருங்கள். நீருக்கடியில் அசையும் நிழலுக்கு எதிரே தூண்டிலை வீசிக் காத்திருந்தால், மீன் ஒருமுறை, இருமுறை, சில வேளை நான்கு முறைகூடப் பொய்யாக முட்டிப் பார்த்துவிட்டுப் பின்னரே மிதவையை உள்ளே இழுக்கும். அந்தக் கணத்துக்கு முன் கை பதறினால் மீன் போயிற்று. பிடித்ததை அருங்காட்சியகத்தில் சேர்ப்பித்தால், பகலெல்லாம் தூங்கி வழியும் ஆந்தைப் பண்டிதர் விழித்தெழுந்து, கேட்பவர்க்கு அதன் குலம் கோத்திரமெல்லாம் விஸ்தாரமாகப் பிரசங்கிப்பார். பூச்சியை நீட்டினாலோ அருவருப்பில் நெளிவார். என் அபிமானப் பாத்திரம் அவர்தான்.

வீடு கட்டக் கடன் கொடுக்கும் டாம் நூக்கைப் பேராசைக்காரர் என்று தூஷிப்போர் உண்டு, அது அநியாயம். வட்டியும் கிடையாது, கெடுவும் கிடையாது. அத்தகைய லேவாதேவிக்காரர் இந்தப் பூலோகத்தில் வேறெவரும் இருப்பதாகத் தெரியவில்லை.