சந்திரலேகாவின் கழித்தல் கணக்கு

பரதத்தோடு களரியையும் யோகத்தையும் சேர்த்து ‘ஃப்யூஷன்’ நடனத்துக்கு வழி திறந்தவர் சந்திரலேகா என்று இப்போது பலரும் எழுதுகிறார்கள். பாராட்டுப்போல ஒலிக்கும் இந்த வாசகம் அவரைச் சிறுமைப்படுத்துகிறது. அவர் போட்டதெல்லாம் கழித்தல் கணக்கு.

மகாராஷ்டிரத்தின் வாடாவில் 1928இல் பிறந்தது, சட்டப் படிப்பைக் கைவிட்டது, காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பயின்றது எல்லாம் தெரிந்த கதை. 1952 அரங்கேற்றத்தை மட்டும் அப்படிக் கடந்துவிட முடியாது. ராயலசீமை வறட்சி நிவாரணத்துக்காக நடந்த நிகழ்ச்சி அது. ‘மதுரா நகரிலோ’ பாடலுக்கு யமுனையின் நீர் விளையாட்டை அபிநயித்துக்கொண்டிருந்தபோது, பாளம் பாளமாக வெடித்த நிலம் மனக்கண்ணில் வந்து உறைந்துபோனதாகப் பின்னாளில் அவரே சொன்னார். கை காட்டிய நீருக்கும் ஊரில் இல்லாத நீருக்கும் நடுவே விழுந்த பிளவு அவருக்குள் கடைசிவரை மூடவேயில்லை.

1960இல் ‘தேவதாசி’, எழுபதுகளின் தொடக்கத்தில் ‘நவக்கிரகம்’ என்று நடனப் படைப்புகள் வந்தன. அப்புறம் பத்தாண்டுக்கும் மேலாக மேடையை விட்டு விலகியிருந்தார். சுவரொட்டிகள் வரைந்தார், பெண்கள் இயக்கத்திலும் மனித உரிமைப் பணிகளிலும் இறங்கினார், 1982இல் தேசத்துரோக வழக்கையும் சந்தித்தார். இந்த ஆண்டுகளை ‘இடைவெளி’ என்று தாண்டிப்போகிறவர்கள் 1985இல் வந்த ‘அங்கிகா’வைப் புரிந்துகொள்ள மாட்டார்கள். உடல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைத் தெருவில் கேட்டுப் பழகியவர், அதையே, முழங்கால் மடித்துத் தாழ்ந்து நிற்கும் பரதத்தின் அடிப்படை நிலையான அரைமண்டியிடமும் கேட்டார். நாயகனுக்காக ஏங்கும் நாயகி போனாள். பக்திக் கதை போனது. கண்ணையும் புருவத்தையும் நம்பிய பாவம் போனது. மிஞ்சியது முதுகெலும்பும் நிலத்தை அழுத்தும் பாதமும். களரியை அவர் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவில்லை. தாழ்ந்த இடுப்பில் பலம் தேடும் அது அரைமண்டிக்கு ரத்த உறவு என்று கண்டுகொண்டார்.

பாஸ்கரரின் கணிதத்தை ஆடிய ‘லீலாவதி’ (1989) மலர்ச்சியான படைப்பு. ஆனால் என் மனம் நிற்பது ‘ஸ்ரீ’யில் (1991). கூன் விழுந்த முதுகோடு பெண்கள் மேடையைக் கடக்கும் காட்சியில், தலைமுறைகளின் பாரத்தை விளக்க ஒரு முத்திரைகூடத் தேவைப்படவில்லை. ‘சரீரா’வில் (2001) குண்டேச்சா சகோதரர்களின் துருபத் இசை ஒலிக்க, ஓர் ஆண், ஒரு பெண், அசாத்திய நிதானம். அதற்குமேல் கழிக்க எதுவும் இல்லை. அதுவே அவருடைய கடைசிப் படைப்பாயிற்று. 2006 டிசம்பர் 30இல் மறைந்தார்.

களரியின் ஒரு தாவலையும் யோகத்தின் ஓர் ஆசனத்தையும் வர்ணத்துக்கு நடுவே செருகிவிட்டு அவர் பெயரைச் சொல்வது நியாயமாகாது. அவர் வழியில் போக விரும்பும் நடனக் கலைஞர், தன் கை காட்டும் நீர் எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்விக்கு நிற்காத அசைவுகளை, எவ்வளவு அழகானவையானாலும், விட்டுவிடும் துணிவு வேண்டும். பரதத்துக்கு இன்று தேவை அந்தத் துணிவுதான்.