கண்ணீர்ப்பையில் வளரும் சதை: இலங்கையிலும் இந்தியாவிலும்

கண்ணின் உள்மூலையில் வலியில்லாத வீக்கம். ஓயாமல் நீர் வடிகிறது. அழுத்தினால் ரத்தமும் கலந்து வருகிறது. நியூசிலாந்தின் ஒடாஹுஹுவில் ஒரு மருத்துவர் இதைக் கண்டால் கண்ணீர்க் குழாய் அடைப்பை நினைப்பார். ரத்தம் கண்டதால் புற்றுநோயையும் நினைப்பார். இரண்டும் நியாயமான சந்தேகங்கள். ஆனால் நோயாளி வவுனியாவிலோ சிவகங்கையிலோ வளர்ந்தவர் என்றால், ரைனோஸ்போரிடியோசிஸையும் நினைத்தாக வேண்டும். இது புற்று அல்ல. நுண்ணுயிர்த் தொற்றால் கட்டிபோல் வளரும் சதை.

அர்ஜென்டினாவில் 1900இல் சீபர் என்பவர் இதை விவரித்தார். நெடுங்காலம் பூஞ்சை என்று கருதப்பட்ட இக்கிருமி, மீன்களைத் தாக்கும் நீர்வாழ் நுண்ணுயிர்களுக்கு நெருங்கிய உறவு என்பதை 1990களின் இறுதியில் மரபணு ஆய்வுகள் காட்டின. மாடும் மனிதரும் சேர்ந்து குளிக்கும் தேங்குநீரில் இது தொற்றுவதாக நம்பப்படுகிறது. இலங்கையின் குளங்களும் பாண்டிநாட்டுக் கண்மாய்களும் இந்த வகையில் ஒரே மாதிரிதான்.

இலங்கையில் இதைப் பற்றிய அறிவு ஆய்வுக்கூடத்தில் செழித்தது. நோய்க்குறியியல் பேராசிரியர் கருணாரத்ன 1964இல் தனி நூலே எழுதினார். பேராதனையில் அர்சகுலரத்ன இந்தக் கிருமியையும் உடலின் எதிர்ப்பாற்றலையும் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். இந்தியாவில் கண் மருத்துவமனைகளின் பங்கு பெரிது. 1976இல் தொடங்கிய மதுரை அரவிந்த், ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் போன்ற இடங்களில் கண்ணீர்ப்பாதை அறுவை தனித்துறையாகவே வளர்ந்திருக்கிறது. அங்கே சி.டி. ஸ்கேனும் மூக்கு எண்டோஸ்கோப்பியும் சதை எங்கே தொடங்கி எதுவரை பரவியிருக்கிறது என்று காட்டுகின்றன.

அறுவையின் அடிப்படையில் இரு நாட்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சாதாரண அடைப்புக்குக் கண்ணீர்ப்பையிலிருந்து மூக்குக்குப் புதுவழி திறப்பார்கள். இந்நோயில் அப்படிச் செய்தால் கிருமி மூக்குக்கும் பரவலாம் என்பதால், பலர் பையையே முழுதாக எடுத்து, அடிப்பகுதியைச் சுட்டுவிடுகிறார்கள். எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்தால், வித்துகள் நிறைந்த உருண்டைகள் நோயை உறுதிசெய்யும். மீண்டும் வளர்வதைத் தடுக்கச் சிலர் டாப்சோன் மாத்திரை தருவதுண்டு. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களின் சிவப்பணுக்களை அது சிதைக்கும் என்பதால், முதலில் ரத்தப் பரிசோதனை அவசியம்.

இரு நாட்டு மருத்துவர்களுக்கும் பொதுவான பலம் ஒன்று உண்டு: "எந்தக் குளத்தில் குளிப்பீர்கள்?" என்று கேட்கத் தெரிந்திருப்பது. இந்நோய் இயல்பாகக் காணப்படாத நியூசிலாந்தில் அந்தக் கேள்வி எழாமல் போகலாம். ஆகவே நாமே சொல்ல வேண்டும். ஊரில் குளத்திலோ கண்மாயிலோ குளித்ததையும், முன்பு மூக்குச் சதை எடுத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆங்கிலம் தடையானால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றியதாகப் பதிவில்லை. வீட்டார் அஞ்ச வேண்டாம். அறுவைக்கு முன்பே சந்தேகம் எழுந்தால்தான் முதல் அறுவையே சரியான அறுவையாக அமையும்.