சட்டைமேல் முகமும் சட்டைக்குரியார் முகமும்

சே குவேராவின் முகம் அச்சிட்ட டி-சட்டை அணிந்து தெருவிற் செல்லும் முன்பின் அறியாதாரைப் புகைப்படம் பிடித்துத் தொகுப்பது, இக்காலத்திற் சிலர் மேற்கொள்ளும் கலைமுயற்சியாகும். பிறர் எடுத்த படத்தை மீண்டும் படம்பிடிப்பதிற் கலை யாதுளது என நகைப்பாருமுளர். நாம் அவ்வாறு நகையோம். ஆயினும் இம்முயற்சியில் எளிதாகப் புகக்கூடிய குறைகள் இரண்டு உள. அவற்றை எடுத்துக் கூறுதல் நம் கடமை.

முதற்கண் அப்படத்தின் வரலாற்றை நோக்குவோம். 1960 மார்ச் 4-ஆம் நாள் கியூபாவின் ஹவானாத் துறைமுகத்தில், படைக்கலம் ஏற்றிவந்த ‘லா கூப்ர்’ என்னும் பிரெஞ்சுக் கப்பல் வெடித்து மக்கள் பலர் மாண்டனர். மறுநாள் நடந்த இரங்கற் கூட்டத்திற்கு ‘ரெவலூசியோன்’ நாளிதழுக்காகச் சென்ற ஆல்பர்ட்டோ கோர்டா, மேடையின் முன்புறம் சிறிது நேரமே வந்து நின்ற குவேராவை இருமுறை படம்பிடித்தார். இதழார் அதனை அப்போது வெளியிட்டிலர். மூலப்படத்தில் ஒருபுறம் வேறொருவர் முகமும், மறுபுறம் பனையினத்து மரமொன்றின் ஓலையும் உள. கோர்டா இரண்டையும் வெட்டி நீக்கினார். 1967 அக்டோபர் 9-இல் பொலிவியாவிற் குவேரா கொல்லப்பட்டபின், இத்தாலியப் பதிப்பாளர் பெல்ட்ரினெல்லி அதனைச் சுவரொட்டியாகப் பரப்பினார். 1968-இல் அயர்லாந்து ஓவியர் ஜிம் பிட்ஸ்பாட்ரிக், ஒளிநிழற் சாயல்களைக் களைந்து அதனைச் சிவப்பும் கறுப்புமாக வரைந்தார். சாயலற்ற உருவைத் துணியில் அச்சிடுதல் மிக எளிது. அவ்வழியே முகம் சட்டைக்கு வந்தது.

இங்ஙனம் ஒவ்வொரு படியிலும் ஏதேனும் ஒன்று கழிக்கப்பட்டே வந்துளது. உடனிருந்த மனிதர் போயினார். இடத்தைக் காட்டும் ஓலை போயிற்று. வெடிப்பில் மாண்டார் நினைவும் போயிற்று. இன்று சட்டையைப் படம்பிடிப்போர், அணிந்தவரைக் கழுத்துக்குமேல் வெட்டிவிட்டு மார்பை மட்டும் காட்டுவாராயின், எஞ்சியிருந்த ஒரே உயிர்முகமும் போய்விடுகின்றது! இது முதற் குறை.

இரண்டாவது, முகத்தைக் காட்டியும் ஏளனத்திற்கே காட்டுதல். புரட்சியாளர் படம் அணிந்தவன் விலையுயர்ந்த காலணி வாங்குகிறான் பாரீர் என்று சுட்டுவது எளிய நகை. அணிந்தவர்க்குக் குவேராவைப்பற்றித் தெரியாதென்பதை எப்படமும் மெய்ப்பிக்கமாட்டாது. தமையன் தந்த சட்டையோ, சந்தையில் மலிவாகக் கிடைத்ததோ, கொள்கைப் பற்றோ, கேட்டாலன்றோ தெரியும்?

படத்துக்காக உரிமைப்பணம் நாடாத கோர்டா, அது வோட்கா மது விளம்பரத்தில் வந்தபோது 2000-இல் இலண்டனில் வழக்கிட்டார். கிடைத்த தொகையைக் கியூபாவின் மருத்துவப் பணிக்கு அளித்தார். படத்திலுள்ளார் உடன்படாத பயனுக்கு அவர் முகத்தை ஆளலாகாது என்பதே அவ்வழக்கால் நாம் கொள்ளும் பாடம். இறந்த தலைவர்க்குரிய இம்மதிப்பு, உயிரோடு நடக்கும் வழிப்போக்கர்க்கு மட்டும் இல்லையா?

குவேராவே 1950-களின் நடுவில் மெக்ஸிகோ நகரத்துப் பூங்காக்களிலும் தெருக்களிலும் மக்களைப் படம்பிடித்து விற்றுப் பிழைத்தவர். அத்தொழிலில், தம் முகம் நன்கு விழுந்ததெனப் படத்துக்குரியார் ஒப்பினாலன்றிக் காசு கிடையாது. இத்துறைக்கு இதனினும் நல்ல உரைகல் வேண்டா.

காலைப் பெரட்டிற் பேர் படிக்கும் தோட்டக் கிராணித் தொழில் நமது. ஏட்டில் வெறும் எண்ணாகிவிட்ட ஆளைப்பற்றி ஒருவரும் கவலுவதில்லை என்பதை நாம் அறிவோம். ஆதலின், படக்கருவி ஏந்திய இளைஞர்காள்! சட்டையைக் கண்டதும் கருவியை உயர்த்தாதீர். முதலில் அவர் பெயரைக் கேளுங்கள். அம்முகத்தை ஏன் அணிந்தார் எனக் கேளுங்கள். அவர் இசைந்தால் இரண்டு முகமும் தெரியப் படமெடுத்து, ஒரு பிரதியை அவர் கையிற் கொடுங்கள்.