பனியும் விடியலும் சேர்ந்த இடம்

பனி என்ற ஒரே சொல்லுக்குள் தமிழ் பலவற்றை அடக்கி வைத்திருக்கிறது. புல்நுனியில் நிற்கும் துளியும் பனி, வயலை மறைக்கும் மூட்டமும் பனி, இமயத்தில் உறைந்து கிடப்பதும் பனி. பழைய நூல்களில் கண்ணீருக்கும் அதுவே பெயர். பனித்தல் என்றால் நடுங்குதல். டொராண்டோவில் குடியேறிய தமிழர்கள் தங்கள் வாசலில் குவியும் வெண்மையையும் இந்தச் சொல்லால்தான் அழைக்கிறார்கள். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களுக்கு அந்த வெண்மை கிடையாது. மார்கழி, தை மாதங்களில்கூட அங்கே அதிகாலை வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஆனாலும் அவ்வூர்களின் பனிக்காலையில் ஓர் அமைதி இருக்கிறது. அமைதிக்குள் ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. அந்த நம்பிக்கை நெல்வயலிலிருந்து வந்தது என்பதும், அதை அடையாளம் காணத் தமிழ் இலக்கியத்துக்கு நெடுங்காலம் பிடித்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தொல்காப்பியம் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுக்கிறது. மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. முன்பனியை அது குறிஞ்சிக்குக் கொடுத்தது, பின்பனியைப் பாலைக்குக் கொடுத்தது. வைகறையும் விடியலும் மருதத்துக்குப் போயின. அதாவது பனி மலையிலும் பாலையிலும் நிற்க, விடியல் மட்டும் வயலுக்கு வந்தது. வந்த விடியலும் மகிழ்ச்சியானதாக இல்லை. மருதத்தின் உரிப்பொருள் ஊடல்; பரத்தை வீட்டில் இரவைக் கழித்த தலைவன் திரும்பும் நேரம் அது. குளிரின் நிலையும் இப்படித்தான். நெடுநல்வாடையின் 188 அடிகளில் நக்கீரர் கூதிர்க் குளிரைக் கண்முன் நிறுத்துகிறார். ஆயர்கள் தீயில் கைகாய்ச்சிக் கன்னத்தில் வைத்தும் நடுக்கம் தீரவில்லை. அரண்மனைக்குள் அரசி பிரிவில் வாடுகிறாள். சங்க அகப்பாடல்களில் குளிர் பெரும்பாலும் பிரிவின் பருவமாகவே இருந்தது.

பனி, விடியல் என்ற இந்த இரண்டு கோடுகளையும் ஒரே வாசலில் சேர்த்தது பக்தி இலக்கியம். ஆண்டாளின் திருப்பாவை 30 பாடல்களும் மாணிக்கவாசகரின் திருவெம்பாவை 20 பாடல்களும் மார்கழி விடியலைக் களமாகக் கொண்டவை. தலையில் பனி விழத் தோழியின் வாசலில் காத்து நிற்கும் பெண்களைத் திருப்பாவை காட்டுகிறது. அதிகாலையில் எருமைகள் மேயப் பரவுவதையும், வளர்ந்த செந்நெல்லுக்கிடையே மீன்கள் துள்ளுவதையும் அதே நூல்தான் காட்டுகிறது. ஆயர்பாடிக் கதைக்குள் ஆண்டாள் மருத நிலத்தையே கொண்டுவந்துவிட்டாள். வைகறை ஊடலின் நேரம் என்பது மாறி, ஒருவரை ஒருவர் எழுப்பும் நேரம் ஆயிற்று; பனி பிரிவின் குறி என்பது மாறி, கூடிச் செல்வதன் குறி ஆயிற்று. இந்த மாற்றம் கடலும் கடந்தது. தாய்லாந்து அரசவைப் பிராமணர்கள் நடத்தும் திரியம்பாவாய் சடங்கு திருவெம்பாவையின் பெயரையே தாங்கியிருக்கிறது.

இதைச் சமயத்தின் சாதனை என்று மட்டும் முடித்துவிடலாமா? வயலைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும். சங்கராபரணி நீர் ஊசுட்டேரிக்கும், பெண்ணையாற்று நீர் பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரிக்கும் சேரும். மழை ஓய்ந்து வானம் தெளிந்த பிறகு, மேகப் போர்வை இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வேகமாக இழக்கிறது. ஈரம் நிறைந்த வயலுக்கு மேல் காற்று அசையாமல் நிற்கும்போது மூடுபனி இறங்குகிறது. ஆகவே பனி என்பது மழை பெய்து முடிந்ததற்கான ரசீது. அந்த நாட்களில் சம்பா நெல் கதிர் விட்டுப் பால் பிடிக்கிறது. நெல்லின் இலைநுனியைக் குனிந்து பாருங்கள்: நுனிக்கு ஒன்றாகத் துளிகள் வரிசை பிடித்து நிற்கும். அவற்றில் பல வானிலிருந்து வந்தவை அல்ல. இரவில் வேர் உறிஞ்சிய நீரைப் பயிரே இலைநுனி வழியாக வெளித்தள்ளுகிறது; தாவரவியலில் இதற்கு நீர்வடிதல் என்று பெயர். உயிருள்ள வேர்தான் அப்படித் தள்ள முடியும். நாம் அழகு என்று பார்த்து நிற்கும் துளி, மண்ணுக்குள் வேர் வேலை செய்கிறது என்பதன் சாட்சி. தை பிறந்தால் வழி பிறக்கும் என்ற பழமொழியின் வேரும் இங்கேதான் இருக்கிறது.

புதுச்சேரியின் நவீனக் கவிதை இந்தக் காலையைப் பாதிதான் தொட்டது. 1908 முதல் 1918 வரை இங்கே வாழ்ந்த பாரதி, திருப்பள்ளியெழுச்சி வடிவத்தைப் பாரத மாதாவுக்கு மாற்றி விடியலை நாட்டின் நம்பிக்கையாக்கினார். இந்த மண்ணிலேயே பிறந்த பாரதிதாசன் அழகின் சிரிப்பில் கடல், ஞாயிறு, இருள், சிற்றூர் எனப் பலவற்றுக்கும் தனித் தலைப்பு கொடுத்தார், பனிக்குக் கொடுக்கவில்லை. பெரிய கவிஞர்கள் விட்டுவைத்த இந்த இடம் அடுத்து வருபவர்களுக்கான அழைப்பு என்றே நான் கொள்கிறேன்.

மறுப்புகள் வலுவானவை. உழவர் பனியை ரசிப்பதில்லை, அஞ்சுகிறார் என்பது முதல் மறுப்பு. இலை நெடுநேரம் நனைந்திருந்து இரவும் குளிர்ந்தால் குலைநோய் பரவும். கதிரின் கழுத்தில் தாக்கினால் மணி பதராகும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழியிலும் அச்சமே பேசுகிறது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் இழக்க ஒன்றும் இல்லாதவருக்கு இந்த அச்சம் வராது; வயலில் கதிர் இருப்பதால்தான் அது வருகிறது. நம்பிக்கை என்ற சொல்லுக்கு எடை சேர்ப்பதே அந்த அச்சம்தான். இரண்டாவது மறுப்பு, மார்கழி அழகின் பின்னே பெண்களின் உழைப்பு மறைந்திருக்கிறது என்பது. இருள் விலகுமுன் சாணம் தெளித்து, புள்ளி வைத்து, பூசணிப்பூ செருகும் கைகள் அதன் பிறகுதான் அடுப்படிக்குப் போகின்றன. இது முழு உண்மை. அந்தக் கைகளைச் சொல்லாமல் காலையைப் பாடும் எழுத்து அரைகுறை எழுத்து. கோலத்தை இயற்கைக் காட்சியாகப் பார்க்காமல் ஒருவர் செய்த வேலையாகப் பார்த்தால், அதன் அழகு கூடுமே தவிரக் குறையாது.

ஆக, பனிக்காலையின் நம்பிக்கை தனியே வானத்தில் இல்லை. ஏரி நிறைந்திருக்க வேண்டும், வாய்க்கால் ஓட வேண்டும், வயலில் நெல் நிற்க வேண்டும். வயல் மனையாகும்போது, வாய்க்கால் தூரும்போது மார்கழி வரும், குளிரும் வரும். குனிந்து பார்க்க அந்த இலைநுனி இருக்காது. வில்லியனூர், பாகூர்க் காலைகளைக் காப்பாற்ற விரும்புகிறவர்கள் முதலில் கவிதையைத் தேடவேண்டாம். மழைக்கு முன்பே வாய்க்காலைத் தூர்வாரிவிட்டால், துளி தானாக வந்து நிற்கும்.