இரண்டாம் பந்தி வெளிச்சம்

பொதுப் பூங்காவில் மரத்துக்கு விளக்கு போடுகிறார்கள், ஜனங்கள் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள், இதில் விமர்சனம் செய்ய என்ன இருக்கிறது என்று ஒரு தோழர் கேட்டார். இருக்கிறது. விழாவும் ஒரு பிரதிதான். யாருக்கு முன்வரிசை, யார் வெளியே, யாரைப் பற்றிப் பேச்சே இல்லை என்று அதையும் வாசிக்கலாம். எம்.ஏ. தமிழில் எங்களுக்கு இந்திர விழாவைப் பாடம் நடத்தினார்கள். புகார் நகரத்தின் ஒளியையும் ஆரவாரத்தையும் மனப்பாடம் செய்தோம். விளக்குக்கு எண்ணெய் ஊற்றியவன் எங்கே குடியிருந்தான் என்று எந்தத் தேர்விலும் கேள்வி வரவில்லை.

அமெரிக்காவில் 1912 டிசம்பர் 24 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் பூங்காவில் ஊருக்கே பொதுவாக ஒரு கிறிஸ்துமஸ் மரம் வைத்து மின்விளக்கு ஏற்றினார்கள். வீட்டில் மரம் வைக்க வசதியில்லாத ஏழைகளும் பார்க்கட்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான், நான் மறுக்கவில்லை.

1923இல் இந்த வழக்கம் தலைநகருக்குப் போனது. டிசம்பர் 24 மாலை, வெள்ளை மாளிகைக்குத் தெற்கே உள்ள எலிப்ஸ் மைதானத்தில் 48 அடி உயர மரம். சிவப்பு, வெள்ளை, பச்சை என்று 2,500 பல்புகள். ஜனாதிபதி கூலிட்ஜ் பொத்தானை அமுக்கினார். 'தேசிய கிறிஸ்துமஸ் மரம்' பிறந்த கதையைப் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் அன்றிரவே இன்னொரு காட்சியும் உண்டு. வெள்ளையர்களில் பெரும்பாலோர் கலைந்துபோன பிறகு, அந்த நகரத்துக் கறுப்பின மக்கள் உள்ளே அனுமதிக்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கில் திரண்டு நின்று கிறிஸ்துமஸ் பாடல்களைப் பாடினார்கள்.

நம்ம பாஷையில சொன்னா இது இரண்டாம் பந்தி. ஊர்க்காரன் சாப்பிட்டு எழுந்து கை கழுவுனதுக்கப்புறம் கூப்பிடுவானே, அது. அதே மரம், அதே பல்பு, நேரம் மட்டும் வேற. தீண்டாமை என்றதும் கிணற்றையும் தெருவையும் டீக்கடை டம்ளரையும்தான் நினைக்கிறோம். அது கடிகாரத்தையும் பங்கு போட்டுக்கொள்ளும். எங்க ஊர் மாரியம்மன் திருவிழாவுல பெட்ரோமாக்ஸ் தூக்குனது எங்க தாத்தா தலைமுறை. சாமி மூஞ்சியில வெளிச்சம் விழணும்னு ராத்திரி பூரா தலையில சுமந்தாங்க. அந்தச் சாமி ஒருநாளும் சேரிப் பக்கம் திரும்புனதில்ல. சீரியல் பல்பு வந்த பிறகு அதுவும் ஊர் எல்லையோட நின்னுபோச்சு.

'அப்பவாவது உள்ளே விட்டார்களே' என்று சொல்பவர்கள் இருப்பார்கள். 1922 மே 30இல் அதே வாஷிங்டனில் லிங்கன் நினைவகம் திறந்தார்கள். அடிமை முறையை ஒழித்தவர் என்று கொண்டாடப்படுகிறவருக்கு நினைவகம்; விழாவுக்கு வந்த கறுப்பின மக்களுக்கு ஒதுக்குப்புறமாகத் தனி இடம். அடுத்த ஆண்டு மரத்தடியில் அவர்கள் பாடிய பாட்டை நன்றிப் பாட்டாக என்னால் வாசிக்க முடியவில்லை. எங்கள் பறையையும் ரொம்பக் காலம் அப்படித்தான் 'ஊழியம்' என்று வாசித்தார்கள்.

இன்னொன்று. மின்விளக்கின் கார்பன் இழைகளைத் தயாரிக்க மேம்பட்ட முறை ஒன்றைக் கண்டுபிடித்து 1882இல் காப்புரிமை பெற்றவர் லூயிஸ் லாட்டிமர். அடிமைத்தளையிலிருந்து தப்பி ஓடிவந்த பெற்றோரின் மகன். மின்விளக்கு என்றால் நமக்குப் பாடப்புத்தகம் சொல்லித்தந்தது எடிசன் பெயரை மட்டும்தான்.

சரி, முதல் பந்தியிலேயே உட்காருவோம் என்றால் என்ன நடக்கும்? மகாடு நகராட்சி 1924இல் சவுதார் குளத்தை எல்லாருக்கும் திறப்பதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் கிடந்தவரை யாருக்கும் வலிக்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் நம் ஆட்கள் நிஜமாகவே இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். அந்த ஆகஸ்டிலேயே நகராட்சி தீர்மானத்தை ரத்து செய்தது.

ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில் பேக்கன்ஸ்ஃபீல்ட் என்றொரு பூங்கா இருந்தது. வெள்ளைப் பெண்களுக்கும் வெள்ளைக் குழந்தைகளுக்கும் மட்டும் என்று செனட்டர் அகஸ்டஸ் பேக்கன் 1911இல் உயில் எழுதி நகரத்துக்கு விட்ட நிலம். கறுப்பின மக்கள் வழக்காடினார்கள். அந்தப் பூங்காவில் இன ஒதுக்கல் கூடாது என்று 1966இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியானால் உயிலின் நோக்கம் தோற்றுவிட்டது, நிலம் வாரிசுகளுக்கே திரும்பட்டும் என்று மாநில நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. 1970இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. எல்லாருக்கும் பொதுவாக வேண்டிய நேரத்தில் பூங்காவே இல்லாமல் போனது. அந்த இடத்தில் பிறகு கடைகள் வந்தன.