கூச்சமுள்ள யந்திரம்

பார்க்கிறவன் அசைந்தால் தானும் அசையும் சிற்பங்கள் என்று ஒரு வகை உண்டு. 1960களின் பிற்பாதியில் மேல்நாடுகளில் இந்தப் பரிசோதனை மும்முரமாக நடந்தது. அவற்றில் பெரும்பாலானவை பொருட்காட்சி வேடிக்கையாகவே நின்றுவிட்டன என்பது என் அபிப்பிராயம். சிருஷ்டி என்று தயங்காமல் சொல்லக்கூடியதாக எனக்குப் படுவது எட்வர்ட் இனாட்டோவிச் செய்த ‘சென்ஸ்டர்’.

இனாட்டோவிச் 1926ல் போலந்தில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய சிற்பி. 1968ல் லண்டனில் ஜாஸியா ரைகார்ட் அமைத்த ‘ஸைபர்னெட்டிக் ஸெரன்டிபிட்டி’ கண்காட்சியில் அவருடைய ‘ஸாம்’ இருந்தது. முதுகெலும்பு மாதிரி ஒரு தண்டு, அதன்மேல் பூப்போல ஒரு தலை. சப்தம் வந்த பக்கம் திரும்பும். அடுத்தது சென்ஸ்டர். பிலிப்ஸ் கம்பெனிக்காகச் செய்த இதை 1970ல் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில், பறக்கும் தட்டு போல இருக்கும் எவலுவான் காட்சிசாலையில் வைத்தார்கள். சுமார் 15 அடி நீளமுள்ள இரும்புக்குழாய் ஜந்து. தோலும் கிடையாது, முகமும் கிடையாது. மூட்டுகளுக்கு மாதிரி சிங்கி இறாலின் கொடுக்கு. தலையில் ஒலிவாங்கிகளும் ரேடாரும். ஆட்டிவைக்க ஒரு கம்ப்யூட்டர்.

அது செய்ததெல்லாம் கொஞ்சந்தான். மெல்லப் பேசினால் பேசினவர் பக்கம் தலையை நீட்டும். கூச்சல் போட்டாலோ, கையை வேகமாக வீசினாலோ வெடுக்கென்று பின்வாங்கிக் கொள்ளும். கூட்டத்துக்கு இது போதுமாக இருந்தது. இரும்புக்குழாயைப் பிராணியாகவே பாவித்து, கொஞ்சி, கூப்பிட்டு, காத்து நின்றார்கள். மண்டபத்தின் எதிரொலியும் ஜனங்களின் தாறுமாறான போக்கும் சேர்ந்துதான் யந்திரத்துக்கு இல்லாத சாமர்த்தியத்தை அதற்குத் தந்துவிட்டன என்று இனாட்டோவிச்சே கருதினார். அப்படியானால் இது கண்கட்டு வித்தைதானே என்று கேட்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை.

அதன் உயிர் பின்வாங்குவதில் இருக்கிறது. கூப்பிட்டவுடன் வருகிற பொருளை வேலைக்காரனாகத்தான் நடத்துவோம். இது வர மறுக்கிறது. மறுப்பதால் நாம் குரலைத் தாழ்த்துகிறோம், கையை அடக்குகிறோம். நாவலிலும் இதுதான் கதை. ஆசிரியன் விரலசைத்ததும் ஓடிவருகிற பாத்திரத்தை எந்த வாசகன் நம்புகிறான்? தொட்டாற்சுருங்கியிடம் நாம் காட்டுகிற மரியாதையை ரோஜாச் செடியிடம் காட்டுவதில்லை.

அதே 1970ல் நியூயார்க் யூத மியூஸியத்தில் நடந்த ‘ஸாப்ட்வேர்’ கண்காட்சியில் ‘ஸீக்’ என்று ஒன்று வைத்திருந்தார்கள். நெக்ரோபாண்டேயின் எம்.ஐ.டி. குழுவினர் செய்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் நூற்றுக்கணக்கான சிறு கட்டைகள், அவற்றின் நடுவே ஜெர்பில் என்ற பாலைவன எலிகள். எலிகள் கட்டைகளைக் கலைக்க, யந்திரக் கை திரும்ப அடுக்கும். நன்றாக நகர்ந்துவிட்ட கட்டையை நகர்ந்த இடத்திலேயே ஒழுங்குபடுத்தும். சென்ஸ்டரைவிடக் கெட்டிக்காரத்தனமான யோசனைதான். ஆனால் அங்கே பேச்சு எலிக்கும் யந்திரத்துக்கும்; மனிதன் கண்ணாடிக்கு வெளியே. எலியிடம் அபிப்பிராயம் கேட்டவர் யாரும் இல்லை. மனித வாழ்க்கைக்கு அதை உவமையாக்குகிறவர்கள் ஆக்கிக்கொள்ளட்டும். எனக்கு அது கூண்டாகத்தான் தெரிகிறது.

சென்ஸ்டரை 1974ல் கழற்றிவிட்டார்கள். இனாட்டோவிச் 1988ல் இறந்தார். எலும்புக்கூடு மட்டும் நெதர்லாந்திலேயே ஒரு கம்பெனியின் வாசலில் வெயிலிலும் மழையிலும் பல வருஷங்கள் நின்றது. போலந்தில் கிராக்கோ நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்று 2017ல் அதை வாங்கி மறுபடி அசைய வைத்திருக்கிறது. நல்ல காரியம். வெட்டவெளியில் அசையாமல் நின்ற நாட்களில் அதைச் சிற்பம் என்று நான் சொல்லமாட்டேன். ஆட்டிவைக்கும் கருவி புதியதானாலும், தயங்கித் தலை நீட்டுகிற கணத்தில் அது மறுபடி சென்ஸ்டர். ஒரு குறை மட்டும் உண்டு. கம்ப்யூட்டரையே கண்டிராத 1970ஆம் வருஷத்துக் கூட்டத்தைப் புதுப்பிக்க எந்தப் பல்கலைக்கழகத்தாலும் ஆகாது. பழைய படச்சுருள்களில் அவர்கள் இருக்கிறார்கள், தலையை அண்ணாந்து, கைகளை மெதுவாக அசைத்துக்கொண்டு. யந்திரத்தின் பக்கத்திலேயே அந்தப் படத்தையும் ஓடவிட வேண்டும்.